வாஷ்பேசின் ஓட்டைக்குள் மூக்குத்தி விழுந்துவிட்டது, எடுக்க முடியுமா?

பெரும்பாலும் எடுத்துவிடலாம். முதல் வேலை, பேசினுக்குக் கீழே சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்வை வலப்பக்கம் திருகி மூடுவது. அதோடு வீட்டில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிடுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது மக்கில் எடுத்துவந்து ஊற்றிவிடுவார்கள்.

விழுந்த பதற்றத்தில் குழாயைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அதற்காக மனம் உடைய வேண்டாம். 22 காரட் தங்கம் தண்ணீரைப்போல் 17 மடங்குக்கும் மேல் கனம். பேசினுக்குக் கீழே குப்பி மாதிரி பாட்டில் ட்ராப் இருந்தால், நடுக்குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் அடியில் திரும்பி, மேலேறித்தான் பக்கவாட்டுக் குழாய்க்குப் போக முடியும். தங்கம் அவ்வளவு எளிதாக மேலேறாது, அடியிலேயே உட்கார்ந்துவிடும். ஒற்றைக் கல் வைத்த மெல்லிய மூக்குத்தி, குட்டித் திருகாணி போன்றவைதான் வேகமான தண்ணீரில் நகரக்கூடும்.

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சல்லடையின் கீழ் முடி சுற்றியிருந்தால் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். தெரிந்தால் நீள இடுக்கியால் எடுங்கள். தெரியாவிட்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், அது இன்னும் கீழேதான் தள்ளும். காந்தமும் உதவாது, தங்கமும் வெள்ளியும் ஒட்டாது. அடைப்பு நீக்கும் பொடியோ ஆசிடோ கூடவே கூடாது. முத்தும் பவளமும் ஆசிடில் கரையும், பிறகு குழாயைக் கழற்றும் கையும் வெந்துபோகும்.

ட்ராப்பைத் திறப்பதற்கு முன் அடியில் ஒரு பக்கெட் வையுங்கள். அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் தண்ணீர் இருக்கும், ஆனால் கறுப்பாக, நாற்றமாக வரும். குப்பியின் அடிக்கிண்ணத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். மேலிருந்து குனிந்து திருகுகிறவர்கள் திசை குழம்பி இன்னும் இறுக்கிவிடுவார்கள். கை வழுக்கினால் பழைய துணியைச் சுற்றிப் பிடியுங்கள். குரோம் பூசிய ட்ராப்பில் ரெஞ்சை நேராகப் போட்டால் பூச்சு உரியும், பிளாஸ்டிக் என்றால் விரிசல் விடும். வந்த கசடை டீ வடிகட்டியில் ஊற்றி அலசுங்கள். அலசிய தண்ணீரை அதே பேசினில் கொட்டாதீர்கள், இப்போது அதற்கு அடி இல்லை! திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் மடங்காமல் உட்கார வேண்டும். கையால் இறுக்கினால் போதும். பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிட்டு, மூட்டில் காய்ந்த டிஷ்யூவை வைத்துப் பாருங்கள். நனைந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் பாட்டில் ட்ராப்பே வைப்பதில்லை. மடிப்பு மடிப்பான வெள்ளை வேஸ்ட் பைப்பை நேராகத் தரை ஓட்டைக்குள் சொருகி, வெள்ளை சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள். பேசினில் விழுந்த பொருள் தங்கி நிற்க அங்கே குப்பி கிடையாது. வீடு கட்டித் தருகிறவர்கள் இந்தச் சின்னச் செலவில் மிச்சம் பிடிப்பது எனக்குப் பொறுக்கவே மாட்டேன் என்கிறது. உங்களுடையதும் இப்படி என்றால், மேலே பேசினோடு சேரும் நட்டைக் கழற்றி, பைப்பை உருவிப் பக்கெட்டில் உதறுங்கள். மடிப்புகளில் சிக்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அங்கும் இல்லையா? அடுத்தது நாணி ட்ராப், அதாவது தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குக் கீழே உள்ள கிண்ணம். மேலே மூடியிருக்கும் ஓட்டைத் தட்டைத் தூக்கினால் உள்ளே 2 அங்குல ஆழத்துக்காவது தண்ணீர் நிற்கும். கையுறை போட்டு அடியைத் துழாவுங்கள். கசடைக் கரண்டியால் அள்ளி வடிகட்டியில் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் வகை வேக்குவம் கிளீனர் இருந்தால் அதன் தொட்டியைக் கழுவிவிட்டு உறிஞ்சலாம். சாதாரண வேக்குவத்தில் தண்ணீர் ஏறினால் மோட்டார் போய்விடும்.

பிளம்பரைக் கூப்பிட்டால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள். பழைய இரும்புக் குழாய், சுவருக்குள் புதைத்த ட்ராப் என்றால் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அவர் வரும்வரை தண்ணீரை நிறுத்துவது உங்கள் வேலை.

நாணி ட்ராப்பையும் தாண்டியிருந்தால், தனி வீட்டில் வெளியே உள்ள முதல் சேம்பரை (கழிவுநீர்த் தொட்டியை) வெளியிலிருந்தே நீளக் கைப்பிடிச் சல்லடையால் அரித்துப் பார்க்கலாம். அதோடு நிறுத்துங்கள். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கித் தேடலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த விஷவாயுவில் மனிதர்கள் சாகிறார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மூக்குத்தி எத்தனை பவுனாக இருந்தாலும் அங்கே விட்டுவிடுங்கள்.