ரீபூட் இல்லாமல் கெர்னலைத் திருத்தும் கலை: கவலைப்படும் ஒரு தாயாருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தகவல் தொழில்நுட்பம் பயிலும் உங்கள் மகன், கூடப் படிப்பவர்கள் செயற்கை நுண்ணறிவையும் கைப்பேசிச் செயலிகளையும் நாடிச் செல்லும்போது, தான் மட்டும் லினக்ஸ் கெர்னலையும் அதன் மாட்யூல்களை இயங்கும்போதே திருத்தும் லைவ் பேட்ச்சிங்கையும் கட்டிக்கொண்டு இரவு வெகுநேரம் விழித்திருப்பதாகவும், இதை நம்பி அவரைப் படிக்க விடலாமா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விடலாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கான காரணத்தை நீங்கள் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும் என்று விரும்புவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கெர்னல் என்பது, லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மையமாக, கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல். அதன் எல்லாப் பகுதிகளையும் எப்போதும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால், வலையமைப்பு அட்டை, கோப்பு முறைமை போன்றவற்றுக்கான பகுதிகளைத் தேவைப்படும்போது ஏற்றி, தேவை முடிந்ததும் இறக்கும் வகையில் மாட்யூல்களாக வைத்திருக்கிறார்கள். இவற்றில் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டால், திருத்திய கெர்னலை நிறுவிச் செர்வரை ரீபூட் செய்வதே, அதாவது நிறுத்தி மீண்டும் தொடங்குவதே, பழைய வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் செர்வரை நிறுத்தாமலேயே குறையுள்ள ஃபங்ஷனை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டை, மட்டும் மாற்றுவதுதான் லைவ் பேட்ச்சிங். பழைய ஃபங்ஷனை யாரும் அழிப்பதில்லை. அதன் வாசலிலேயே எஃப்ட்ரேஸ் என்ற வசதி காத்திருந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு அழைப்பையும் புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இது நேற்று முளைத்த மோகமன்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான கேஸ்ப்ளைஸ் என்ற மென்பொருள் 2008-இல் இதைச் செய்து காட்டியது. அதன் பெயரிலேயே தொடங்கப்பட்ட நிறுவனத்தை 2011-இல் ஆரக்கிள் வாங்கியது. 2014-இல் லினக்ஸ் நிறுவனங்களான ரெட் ஹேட் கேபேட்ச் என்ற லைவ் பேட்ச் மென்பொருளையும், சூசே கேகிராஃப்ட் என்பதையும் தனித்தனியே வெளியிட்டன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015-இல் லினக்ஸ் 4.0-இலேயே சேர்க்கப்பட்டது, இரு அணுகுமுறைகளின் நல்ல அம்சங்களையும் இணைத்து, பழைய ஃபங்ஷனிலிருந்து புதியதற்குப் பாதுகாப்பாக மாறும் ஒழுங்குமுறை 2017-இல் 4.12-இல் வந்தது. இன்று ரெட் ஹேட், சூசே, ஆரக்கிள், உபுண்டுவை வெளியிடும் கனானிகல், அமேசான் ஆகியவை இதைத் தங்கள் லினக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வழங்குகின்றன.

சிங்கப்பூரில் இதன் தேவை எங்கிருந்து வருகிறது என்பதை வங்கிகளைக் கொண்டு விளக்கலாம். வங்கிகளைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் மேலாண்மை அறிவிக்கையின்படி, ஒரு முக்கியக் கணினி அமைப்பு எந்த 12 மாதக் காலத்திலும் திட்டமிடாமல் முடங்கியிருக்கும் நேரம் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களைக் காலம் கடத்தாமல் நிறுவ வேண்டும் என்பதும் ஆணையத்தின் விதிதான். முன்னறிவித்துப் பராமரிப்புக்காக நிறுத்துவது அந்த 4 மணி நேரக் கணக்கில் வராது என்றாலும், அவசரமாக ரீபூட் செய்த செர்வர் மீண்டும் எழும்பாமல் போனால் அந்த நேரம் கணக்கில் ஏறிவிடும். 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற குறை வெளிப்பட்டபோது, அது 2007 முதலே கெர்னலில் இருந்து வந்ததும், சாதாரணப் பயனர் ஒருவர் அதைக் கொண்டு முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்பதும் தெரிய வந்தன. அத்தகைய நாளில் நூற்றுக்கணக்கான செர்வர்களை ஒரே இரவில் ரீபூட் செய்ய முடியாத குழுவுக்கு, லைவ் பேட்ச்சைத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லைவ் பேட்ச்சை எழுதுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் மிகச் சிலரே. அந்த வேலைகளும் பெரும்பாலும் மேற்சொன்ன நிறுவனங்களிலேயே இருக்கின்றன. சிங்கப்பூர் வேலை விளம்பரங்களில் உங்கள் மகன் தேட வேண்டிய பெயர்கள் வேறு: லினக்ஸ் அமைப்புப் பொறியாளர், தள நம்பகத்தன்மைப் பொறியாளர், மேகக் கணிமைப் பொறியாளர், உட்பொதி அமைப்பு நிரலாளர், இணையப் பாதுகாப்பு ஆய்வாளர். இவற்றுள் எதற்குச் சென்றாலும், கெர்னலின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால்தான் அவருடைய ஆர்வத்தைத் தடுக்க வேண்டாம் என்கிறேன்.

ஆர்வம் ஆழமானதா, மேலோட்டமானதா என்று அறிய நீங்கள் நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "நீ திருத்தப் போகிற மாட்யூல் இன்னும் ஏற்றப்படவே இல்லை என்றால், உன் பேட்ச் என்ன ஆகும்?" கெர்னல் சோதனை நிரல்களுடன் வரும் மாதிரிப் பேட்ச், கணினி துவங்கிய கட்டளை வரியைக் காட்டும் ஃபங்ஷனை மாற்றி, அந்த வரிக்குப் பதிலாக "இது லைவ் பேட்ச் செய்யப்பட்டது" என்ற பொருளுடைய ஆங்கில வாசகத்தைத் திரையில் காட்டும். அதை ஓட்டிப் பார்ப்பது எளிது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி அதற்கடுத்த படியில் இருக்கிறது. சரியான விடை இது: பேட்ச் காத்திருக்கும், மாட்யூல் பின்னர் ஏற்றப்படும்போது, அதன் தொடக்க ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்பே கெர்னல் திருத்தத்தைப் பொருத்திவிடும், பொருத்த முடியாவிட்டால், குறையுள்ள மாட்யூலை ஏற்றவே மறுத்துவிடும். மாட்யூலை இறக்கினால் அதற்குரிய திருத்தமும் விலக்கப்படும். மீண்டும் ஏற்றினால் மீண்டும் பொருத்தப்படும்.

அவர் அதைச் சொல்லிவிட்டால் இன்னொன்றையும் கேட்கலாம். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், அதாவது செயல்முறைகள், எல்லாம் ஒரே நொடியில் புதிய ஃபங்ஷனுக்கு மாறுவதில்லை. ஒவ்வொன்றும் பழைய ஃபங்ஷனுக்குள் இல்லாத பாதுகாப்பான தருணத்தில்தான் மாற்றப்படுகிறது. பழைய ஃபங்ஷனுக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு செயல்முறை, டிரான்சிஷன் என்ற கோப்பில், மாற்றம் இன்னும் முடியவில்லை என்று காட்டும் 1 என்ற எண்ணை மணிக்கணக்கில் மாறாமல் நிற்க வைத்துவிடும். எது தடையாக நிற்கிறது என்பதை ஒவ்வொரு செயல்முறைக்கும் உரிய பேட்ச்-ஸ்டேட் கோப்பைப் படித்துக் கண்டுபிடிக்க முடியும். கட்டாயப்படுத்தி முடிக்கவும் வழி உண்டு. ஆனால் அதன் பிறகு அந்தப் பேட்ச் மாட்யூலை நீக்க முடியாது. எப்போது பொறுத்திருப்பது, எப்போது கட்டாயப்படுத்துவது, எப்போது ரீபூட்டே மேல் என்று ஒப்புக்கொள்வது என்பதைக் காரணத்தோடு விளக்குகிற இளைஞரை எந்த நேர்முகத் தேர்விலும் அலட்சியப்படுத்த மாட்டார்கள். நிரல் தன் தகவல்களை அடுக்கி வைக்கும் தரவுக் கட்டமைப்பையே மாற்றும் திருத்தங்களுக்கு லைவ் பேட்ச் எளிதில் ஒத்துவராது என்பதையும் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, சி மொழி, கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு ஆகிய நான்கிலும் அவருடைய மதிப்பெண் இறங்கவே கூடாது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஜிபிஏ என்னும் சராசரி மதிப்பெண் முக்கியம் என்பதால், கெர்னலுக்காகக் கணிதத்தைக் கைவிடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் கண்டிப்புடன் நிறுத்துங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பள்ளியில் இயங்குதளங்களுக்கான அறிமுகப் பாடம் சிஎஸ்2106. அதன் பாடத்திட்டத்தை இப்போதே பார்த்து வைத்தால், எங்கே பலவீனம் என்று அவருக்கே புலப்படும். இடையில் வரும் ஏறக்குறைய இரண்டாண்டு தேசிய சேவையில், விடுப்பு நாள்களில் சி மொழியைக் கைவிடாமல் இருந்தாலே போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

புதிய கணினி வாங்கித் தரவும் தேவையில்லை. கியூஎம்யூ என்ற இலவச மென்பொருளில் மெய்நிகர்க் கணினியை உருவாக்கி, அது எத்தனை முறை உறைந்து நின்றாலும் வீட்டுக் கணினிக்குச் சேதமின்றிப் பழகலாம். கல்லூரி ஆய்வகக் கணினியிலோ வேலைப் பயிற்சி இடத்துச் செர்வரிலோ அனுமதி இல்லாமல் ஒரு மாட்யூலைக்கூட ஏற்றக் கூடாது. கெர்னல் அழைப்புகளைத் திசைதிருப்பும் இதே உத்தியைத் தீய நிரல்களும் கையாள்கின்றன; அனுமதி இல்லாமல் இப்படி மாற்றுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், கணினி தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். இதை அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பெற்றோர் சொல்லும்போது இதன் கனம் வேறு.

மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு கேட்கும் முன்பே, தாமே எழுதிய சிறு மாட்யூல் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு குறையை வைத்து, அதை லைவ் பேட்ச்சால் திருத்தி, மாட்யூலை இறக்கி ஏற்றியபோது நடந்தவற்றையும் சேர்த்து இரண்டு பக்க அறிக்கையாக எழுதி, வழிகாட்டும் விரிவுரையாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு, கெர்னலோடு வரும் லைவ் பேட்ச் சோதனைகளிலோ ஆவணங்களிலோ சிறிய பிழை ஏதேனும் கண்ணில் பட்டால், அதற்கான திருத்தத்தை உரியவர்களுக்கு அனுப்பலாம்; முதல் முறையே ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுவது அங்கே வழக்கம்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.