மேலே ஆக்சிஜன் 9, அடியில் மீன் சாவு ஏன்?

ஆக்சிஜன் அளக்கும் கருவி சரியாகவே காட்டியிருக்கும். அளந்த இடமும் நேரமும்தான் சிக்கல். ஆற்று முகத்துவாரத்தில் நண்பகலில், மேற்பரப்பில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் இருந்தும் அடியில் நண்டும் மீனும் ஏன் சாகின்றன என்று கேட்டிருந்தீர்கள். வெயிலில் பாசியே ஆக்சிஜனை வெளிவிடும். அந்த 9, பாசி மிகுந்துவிட்டதன் அடையாளமாகவே இருக்கலாம்.

வயல் உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஆறு கடலில் கொண்டுவந்து கொட்டுகிறது. பாசி பெருகி, செத்து, அடியில் படிகிறது. அதை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அடர்த்தி குறைந்த ஆற்றுநீரோ உப்புநீரின் மேல் மூடிபோலக் கிடக்கிறது. பலத்த காற்று வந்து கலக்கும்வரை மேலே உள்ள ஆக்சிஜன் கீழே போய்ச் சேராது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் இதுதான் நடக்கிறது.

1. விடியுமுன், நீருக்கடியில் தரைக்கு அரை மீட்டர் மேலே ஆக்சிஜனை அளந்து பாருங்கள். 2 மி.கி.க்குக் கீழே என்றால் காரணம் இதுவேதான்.

2. ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் உப்புத்தன்மையைக் குறியுங்கள். சட்டென்று ஏறும் இடத்தில்தான் அந்த மூடி இருக்கிறது. கருவியில் உப்புத்தன்மைத் திருத்தம் போட மறக்காதீர்கள்; போடாவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.

அடியிலும் 5, 6 என்று வந்தால் நச்சுப்பாசியையோ வேதிக்கழிவையோ சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். முடிவு வரும்வரை அங்குள்ள மீனையும் சிப்பியையும் தயவுசெய்து யாரும் சாப்பிட விடாதீர்கள்; பாசி நச்சு சமைத்தாலும் போகாது.