விளக்கு எரிந்தால் ஃப்ளோரைடு போகுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: 'ஒளிவினையூக்கி' என்ற பெயரில் விற்கப்படும் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள். மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். 'ஒளி பட்டதும் எல்லா நச்சும் உடைந்துவிடும்' என்று சொல்லி 18,500 ரூபாய்க்கு ஓர் இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம். மாட்டுவதற்கு முன்பும் அதே அளவுதான். மகளுக்கு ஆறு வயது, பல் விழுந்து முளைக்கிறது. பயமாக இருக்கிறது. (ஒரு தாய், பென்னாகரம் பக்கம்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தண்ணீரைச் சோதித்து, அளவு தெரிந்து, அதைச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

இந்த வகை இயந்திரத்துக்குள் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய ஒரு பரப்பு இருக்கும். அதன்மேல் புற ஊதா ஒளி விழும்போது தண்ணீரிலிருந்தே ஹைட்ராக்சில் என்ற வீரியமான துகள்கள் உண்டாகின்றன. கிருமியின் மேலுறையை அவை சிதைக்கும். பூச்சிமருந்து, சாயம் போன்ற கரிமப் பொருள்களைத் துண்டு துண்டாக்கும். ஃப்ளோரைடில் உடைப்பதற்கு ஒன்றும் கிடையாது. அது மின்னேற்றம் உள்ள ஒற்றை அணு, அதாவது தனி அயனி. எவ்வளவு நேரம் ஒளி பட்டாலும் போட்டது போட்டபடி இருக்கும். நைட்ரேட், உவர்ப்பு, கடினத்தன்மை எல்லாம் இதே கதைதான்.

முதல் வேலையாக, குடிக்கவும் சமைக்கவும் அந்த போர் தண்ணீரை நிறுத்துங்கள். 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. உங்களுடையது ஏறக்குறைய இரு மடங்கு. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி ஃப்ளோரைடின் செறிவு கூடும், அதையும் செய்யாதீர்கள். உங்கள் பகுதிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் அதைக் குழந்தைக்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள். வராவிட்டால், சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. அல்லது ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டிதான் வழி. கறையோடு முளைத்த பல் மாறாது. இனி முளைக்க வேண்டிய பற்கள் இன்னும் ஈறுக்குள் இருக்கின்றன, அதனால் இன்றே மாற்றுங்கள்.

அடுத்து, பணம். பில், ஆய்வக அறிக்கை இரண்டு, விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். விற்றவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கெடு 2 ஆண்டு. மனு எழுதச் சிரமமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

கேள்வி: அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே பொய்யா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: பொய் இல்லை. 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் ஒளி பட்டுத் தண்ணீர் பிரிவதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் துறை. ஸ்பெயினின் அல்மேரியா சூரிய ஆய்வு மையத்தில் வளைந்த கண்ணாடிப் பரப்புகளை வெயிலில் வைத்துப் பூச்சிமருந்து கலந்த நீரைச் சுத்தம் செய்து பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்குத்தான் அசையும். நம் தலைமேல் அடிக்கும் வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். தண்ணீர் கலங்கியிருந்தால் அதுவும் உள்ளே போகாது. வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் கொட்டும் குழாயில் இது என்ன செய்து முடிக்கும் என்று விற்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு தூள் அரை கிலோ ஆன்லைனில் வாங்கினேன். குடத்தில் கலந்து வெயிலில் வைக்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் வாங்கியது அநேகமாகப் பெயின்ட்டுக்கான தூள். ஒளி பட்டு வினை புரியாதிருக்கவே அதற்கு மேல்பூச்சுப் போட்டிருப்பார்கள். குடிக்கும் தண்ணீரில் அதற்கு வேலையே இல்லை. மூக்கில் ஏறாமல் மூடி வையுங்கள்.

கேள்வி: விற்பனையாளர் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளரில் கம்பி விட்டுக் காட்டினார். எங்கள் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகிக் கசடு தங்கியது. அவருடைய 'ஒளிவினையூக்கி' இயந்திரத் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. 32,000 சொல்கிறார். மாமியார் பார்த்துப் பயந்துபோய் உடனே வாங்கச் சொல்கிறார். (சென்னை)

பதில்: வாங்காதீர்கள். இந்த டம்ளர் வித்தையைப் பற்றி இருபது முறையாவது எழுதியிருப்பேன். இன்னும் எழுதுவேன்.

அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். நீங்கள் பார்த்த செம்பழுப்பு, கம்பியிலிருந்து வந்த துரு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், அதனால் கலங்கும். உப்பு எடுத்த தண்ணீரில் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். நல்ல கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கம்பி பட்டால் சாக்கடை போலத்தான் ஆகும். அவர் மறுபடி வந்தால், அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று. அவருடைய தண்ணீர் கலங்கவில்லை என்றால் உள்ளே ஆர்.ஓ. சவ்வு இருக்கிறது என்று அர்த்தம். உப்பை எடுத்தது சவ்வு. ஒளிவினையூக்கிக்கு அதில் பங்கே இல்லை. அந்தப் பெயருக்காக எத்தனை ஆயிரம் கூட்டியிருக்கிறார் என்று கேளுங்கள்.

நானும் இதே டம்ளரைப் பார்த்துத்தான் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினேன். அம்மாவுக்கு அப்போது வயிறு சரியில்லை. பழுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் எதையும் விசாரிக்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். 2019 கோடையில் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது, என் வீட்டு இயந்திரம் ஒரு குடம் தந்து மூன்று குடத்தைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தது. அப்புறம்தான் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 210 மில்லிகிராம். 500 வரை நல்ல தண்ணீர் என்கிறது தர அளவு. ஆர்.ஓ.வுக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. அந்த மூன்று குடங்களை நினைத்தால் இன்றும் மனசு அறுக்கிறது.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள். அறிக்கை வந்த பிறகு, உங்கள் தண்ணீரில் எது அதிகமோ அதன் பெயரைச் சொல்லி, "இதை இந்த இயந்திரம் எவ்வளவு குறைக்கும், எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

கேள்வி: பொருட்காட்சியில் 22,000 ரொக்கம் கொடுத்து வாங்கினேன். பில் வாங்கவில்லை. இப்போது அவர்கள் போனை எடுப்பதில்லை. என்ன இயந்திரம் என்றும் சரியாகத் தெரியவில்லை.

பதில்: 22,000 கொடுத்து வாங்கிய பொருள் என்னவென்று தெரியாமல் இருக்கலாமா? அரங்கு எண்ணையாவது கண்டுபிடித்துப் பொருட்காட்சி நடத்தியவர்களிடம் முகவரி கேளுங்கள். அது கிடைத்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: உள்ளே நீல விளக்கு எரிகிறது. வேலை செய்கிறதென்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நீல விளக்கு எரிகிறது, அவ்வளவுதான் தெரிகிறது.

கேள்வி: சின்னச் சாயப்பட்டறை வைத்திருக்கிறோம். ஒளிவினையூக்கித் தொட்டி போட்டால் கழிவு நிறமற்று வரும், அப்படியே விட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். (திருப்பூர்)

பதில்: நிறம் போகும், அது உண்மை. சாயம் கரிமப் பொருள். நன்றாக நீர்த்து, தெளிவாக இருந்தால் உடையும். அடர்ந்த சாயத் தண்ணீரில் ஒளியே இறங்காது. சாயம் ஏற்றக் கொட்டிய உப்போ ஒரு துளிகூடக் குறையாது. தெளிந்த உப்புத் தண்ணீரை 'அப்படியே விட'ச் சொல்பவர் உங்களைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறார். சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின, 2011-இல் உயர் நீதிமன்றம் ஏன் பட்டறைகளை மூடச் சொன்னது என்று உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேருங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெளிவு, உப்பும் இல்லை, ஆனால் கிருமி இருப்பதாக அறிக்கை. ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். இயந்திரம் வாங்க வசதியில்லை.

பதில்: வேண்டியதில்லை ஐயா. கிருமிக்குக் கொதிக்க வைத்துக் குடிப்பது எப்போதும் நல்லது. விறகு, கேஸ் செலவு கட்டாதென்றால் வெயிலே போதும். கீறல் விழாத, நிறமில்லாத இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, செய்தித்தாளின் தலைப்பெழுத்தின்மேல் நிறுத்தி, பாட்டிலின் வாய் வழியே மேலிருந்து பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் தெளிவு போதும். பாட்டிலை ஓட்டின்மேல் படுக்க வைத்து நல்ல வெயிலில் 6 மணி நேரம். மேகம் மூடியிருந்தால் 2 நாள். நாள் முழுக்க மழையென்றால் அன்று கொதிக்க வைத்துவிடுங்கள். பாட்டிலிலிருந்தே குடியுங்கள், பானையில் ஊற்றினால் மறுபடி கை படும். ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.