நடுவழியில் பஞ்சர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கீழக்கரை வாசகர்: பின் டயரில் ஆணி. பிடுங்கிவிட்டு டியூப்லெஸ் பஞ்சர் கிட்டைப் பிரிப்பதற்குள் டயர் முழுதும் படுத்துவிட்டது. எங்கே தவறு?

பிடுங்கியதுதான் தவறு. துளையை அடைத்து நிற்பதே அந்த ஆணிதான். காற்று மெல்ல இறங்கினால் ஆணியைத் தொடாதீர்கள். 35 பிஎஸ்ஐ ஏற்றி, 40 கி.மீ. வேகத்தில் கடைக்குப் போங்கள். அங்கேயே ஒட்டியாக வேண்டும் என்றால் திரியை (துளையை அடைக்கும் ரப்பர் பட்டை) ஊசியில் கோத்து, சொல்யூஷன் (ரப்பர் பசை) தடவி, காற்றடிக்கும் கம்ப்ரசரைப் பக்கத்தில் வைத்த பிறகே ஆணியைப் பிடுங்கக் குறடு எடுங்கள். ஆணி ஏறிய அதே சாய்வில் ரீமரை (துளையை ராவும் சொரசொரப்பான கம்பி) வலப்பக்கமாகத் திருகி, பத்துப் பன்னிரண்டு முறை உள்ளே வெளியே ராவ வேண்டும். பட்டனுக்கு (டயரில் தரையைத் தொடும் ரப்பர் பகுதி) அடியில் இரும்புக் கம்பி அடுக்கு இருக்கிறது. சரியாக ராவாவிட்டால் கம்பி முனை திரியை அறுத்துவிடும். திரியின் இரு நுனியும் அரை அங்குலம் வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் நேராக உருவுங்கள். காற்றடித்து, சோப்புத் தண்ணீரில் குமிழி வரவில்லை என்று பார்த்துவிட்டு, 3 மி.மீ. விட்டு நறுக்குங்கள். திரி கடை வரைக்கும்தான். அங்கே டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) போடச் சொல்லுங்கள்.

மண்டபம் வாசகர்: கம்ப்ரசர் போட்டாலே ஃபியூஸ் போகிறது.

சின்ன கம்ப்ரசரே 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரட்டை சிலிண்டர் என்றால் சாக்கெட்டில் மாட்டக் கூடாது, பேட்டரியில் கிளிப் போடுங்கள். கடல் காற்றில் சாக்கெட்டின் உள்பக்கம் பச்சை பூத்திருந்தாலும் ஃபியூஸ் போகும். சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சின் ஓடட்டும். பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஆற விடுங்கள்.

சாயல்குடி வாசகர்: கருவேல முள் சைடுவாலில் (டயரின் பக்கச்சுவர்) ஏறியது. திரி போட்டேன். இரண்டு மாதமாகப் பிரச்சினை இல்லை. சைடுவாலில் ஒட்டக் கூடாது என்று நீங்கள் எழுதுவது ஏன்?

இரண்டு மாதம் ஓடியதை ஆதாரமாகக் காட்டும் கடிதங்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து இன்றே அந்த டயரை மாற்றுங்கள்.

பட்டன் பகுதியில் ரப்பர் தடிமனாக இருக்கிறது, அடியில் கம்பி அடுக்கும் இருக்கிறது. திரி பிடித்து நிற்பது அதனால்தான். சைடுவாலில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நூல் அடுக்கும் மெல்லிய ரப்பரும் மட்டுமே. வண்டியின் எடை முழுதும் அந்த நூல்களில் தொங்குகிறது. ரீமர் விட்டு ராவியபோது முள் அறுக்காத நூல்களையும் நீங்களே அறுத்துவிட்டீர்கள். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் சைடுவால் பிதுங்கி மீளும். திரி ஒவ்வொரு முறையும் அசையும். சூடு ஏறும், துளை கிழிசலாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மே மாத வெயிலில், ஐந்து பேரும் சாமானுமாக 90-இல் போகும்போது கிழிந்தால் அது பஞ்சர் இல்லை, வெடிப்பு. முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

இந்தக் கரையில் சைடுவாலில் முள் ஏறுவதற்குக் காரணமும் உண்டு. எதிரே பஸ் வந்தால் தாரை விட்டு இறங்குகிறோம். வெட்டிப் போட்ட கருவேலங்கிளை அந்த ஓரத்தில்தான் கிடக்கும். காய்ந்த முள் பக்கவாட்டில் குத்தி உள்ளேயே ஒடியும், வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். ஓரம் இறங்கினால் வேகத்தைக் குறைத்து இறங்குங்கள். சைடுவாலில் துளை என்றால் ஸ்டெப்னி மாட்டுங்கள், இல்லையேல் வண்டியைத் தூக்கிப் போக ஆள் அழையுங்கள். பட்டனிலும் 6 மி.மீ.-க்கு மேல் துளை என்றால் இதே பதில்தான்.

தொண்டி வாசகர்: முன்கூட்டியே டயருக்குள் பஞ்சர் அடைக்கும் ஜெல் ஊற்றி வைக்கலாமா?

பைக்குக்குச் சரி. காருக்கு வேண்டாம்: பேலன்ஸ் கெடும், வால்வு அடைக்கும், பிறகு பேட்ச் ஒட்டுபவருக்கும் பெரும்பாடு. முள் ஏறியதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அவசரத்துக்கு ஜெல் டப்பா வைத்திருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள்; அடைத்தபின் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: டியூப்லெஸ் கிட் டியூப் டயருக்கு ஆகுமா?

ஆகாது.

உச்சிப்புளி வாடகைக் கார் ஓட்டுநர்: தனுஷ்கோடி பக்கம் மணலில் ஜாக்கி புதைகிறது.

ஒரு அடிக்கு ஒரு அடி, முக்கால் அங்குல ஒட்டுப்பலகையை டிக்கியில் வையுங்கள். முடிந்தவரை தார் மேல் நிறுத்துங்கள். காற்று அள்ளிப் போட்ட மணல் தாரின் மேலும் கிடக்கும், தள்ளிவிட்டுப் பலகை போடுங்கள். உப்புக் காற்றில் வீல் நட்டு இறுகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் போடாமல் திரும்ப முடுக்குங்கள். எண்ணெய் போட்டால் அளவுக்கு மேல் முடுகி, நட்டு ஏறும் ஸ்டட் ஒடியும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 10 கி.மீ. இரு பக்கமும் கடல், நடுவில் பஞ்சர் கடையை எதிர்பார்க்காதீர்கள். பயணிகளை ஏற்றும் முன், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்திலேயே ஸ்டெப்னிக்கும் சேர்த்துக் காற்றுப் பார்த்துவிடுங்கள். கிட்டில் சொல்யூஷன் காய்ந்திருக்கிறதா என்று அங்கேயே அழுத்திப் பாருங்கள்.