கால்நடை உமிழ்வு: இந்தியாவையும் நியூசிலாந்தையும் ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: நியூசிலாந்து உமிழ்வில் பாதிக்கு மேல் வேளாண்மையிலிருந்து வருகிறது. 30 கோடி மாடும் எருமையும் உள்ள இந்தியாவில் அது 14 சதவீதம்கூட இல்லையே. எப்படி ஐயா?

பதில்: இரண்டு எண்களும் சரிதான். சதவீதம் என்றாலே தொகுதியை (மேல் எண்ணை) விட்டுவிட்டு முதலில் பகுதியை (கீழ் எண்ணை, அதாவது மொத்த உமிழ்வை) பாருங்கள். நிலப்பயன்பாடு நீங்கலாக, 2020-இல் இந்தியாவின் மொத்த உமிழ்வு சுமார் 2,959 மில்லியன் டன் (கார்பன் டை ஆக்சைடு சமன்). அதில் முக்கால் பங்கு எரிசக்தி, நிலக்கரியின் கைங்கரியம். நியூசிலாந்தில் மின்சாரம் பெரும்பாலும் நீர், புவிவெப்பம், காற்றிலிருந்து வருகிறது. 2022-இல் அதன் மொத்தமே ஏறக்குறைய 78 மில்லியன் டன். மற்ற துறைகள் சிறியவை என்பதால் மாடும் ஆடும் பெரிதாகத் தெரிகின்றன.

டன்னில் பார்த்தால் படம் மாறும். இந்திய வேளாண்மை சுமார் 406 மில்லியன் டன், நியூசிலாந்து சுமார் 42. பத்து மடங்கு! மக்கள் தலைக்கு வகுத்தால் மறுபடி தலைகீழ்: இங்கே 0.3 டன், அங்கே 8 டன். நாளை இந்தியா நிலக்கரியைக் குறைத்தால், ஒரு மாடுகூடக் கூடாமலேயே கால்நடையின் சதவீதம் ஏறிவிடும். அதனால் சதவீதத்தை மட்டும் வைத்து எந்த நாட்டையும் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: அந்த 14 சதவீதம் முழுக்கக் கால்நடையா?

பதில்: இல்லை. நெல் வயல் மீத்தேன், உரமிட்ட மண்ணின் நைட்ரஸ் ஆக்சைடு, வைக்கோல் எரிப்பு எல்லாம் அதில் சேர்ந்தவை. அசைபோடும் விலங்குகளின் இரைப்பை மீத்தேன் பாதிக்குச் சற்று மேல். சாண மேலாண்மையையும் சேர்த்தால் நாட்டு மொத்தத்தில் ஏறக்குறைய 8 சதவீதம். நியூசிலாந்தில் வேளாண் உமிழ்வில் முக்கால் பங்குக்கு மேல் இரைப்பை மீத்தேன்தான்.

பலர் தவறுவது இங்கேதான்: மேய்ச்சல் நிலத்தில் விழும் சாணம், மூத்திரத்தின் நைட்ரஸ் ஆக்சைடு நாட்டின் உமிழ்வு அறிக்கையில் ‘வேளாண் மண்’ என்ற தலைப்பில் போய்விடும். ஆண்டு முழுவதும் வெளியில் மேயும் நியூசிலாந்து மந்தைக்கு அது பெரிய அளவு. அந்த வரியையும் எடுத்துச் சேர்க்காவிட்டால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

கேள்வி: ஒரே நாட்டுக்கு இரண்டு அறிக்கையில் இரண்டு எண் வருகிறது. எதை எடுப்பது?

பதில்: பெருக்கெண்ணை, அதாவது ஒரு வாயுவைக் கார்பன் டை ஆக்சைடு சமனாக மாற்றப் பெருக்கும் எண்ணைப் பாருங்கள். மீத்தேனுக்குப் பழைய அறிக்கைகளில் 21, பிறகு 25, இப்போது 28. 1,000 டன் மீத்தேன் 21,000 டன்னாகவும் வரும், 28,000 டன்னாகவும் வரும். சமன் எண்ணைத் தொடாமல் மீத்தேன் டன்னையே எடுத்து, இரு நாட்டுக்கும் நீங்களே 28-ஆல் பெருக்குங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265. பகுதியில் வரும் மொத்த உமிழ்வையும் இதே போல் திருத்த வேண்டும். அதை மறந்தால் உழைப்பு வீண்.

கேள்வி: உலகளவில் கால்நடையின் பங்கு 14.5 சதவீதம் என்கிறார்களே, அதோடு ஒப்பிடலாமா?

பதில்: கூடாது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-இல் சொன்ன அந்த எண்ணில் தீவன உற்பத்தி, காடழிப்பு, போக்குவரத்து எல்லாம் அடக்கம். நாட்டு அறிக்கையில் அவை வேறு வேறு துறைகளில் இருக்கும்.

கேள்வி: லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்று பார்ப்பது நியாயமா?

பதில்: பயனுள்ள அளவுகோல்தான். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 60 கிலோ மீத்தேன் விட்டு 1,000 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு லிட்டருக்கு 60 கிராம். 120 கிலோ விட்டு 8,000 லிட்டர் கறந்தால் 15 கிராம். ஆனால் இந்தியாவில் உழவு மாடும், கறவை வற்றிய மாடும் நிறைய. அவற்றின் மீத்தேனையும் பால் தலையில் கட்டினால் கணக்கு பொய்த்துவிடும். கறவை மாடுகளை மட்டும் தனியே பிரித்துப் போடுங்கள்.