பழைய டேபிள் சா: பிளேடு ஏற மறுத்தால்...

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன மரவேலை செய்து வருகிறேன். மூடப்போகும் ஃபர்னிச்சர் பட்டறை ஒன்றிலிருந்து பழைய 10 அங்குல டேபிள் சாவை (மேசையின் நடுவே வட்ட பிளேடு எழுந்து நிற்கும் அறுப்பு மெஷின்) 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் பிளேடை ஏற்றும் முன்பக்கச் சக்கரம் பாதிக்கு மேல் சுற்ற மறுக்கிறது, இரண்டு கையாலும் திருக வேண்டியிருக்கிறது. ஏற்றி வைத்த பிளேடு அறுக்கும்போதே மெல்ல இறங்கியும் விடுகிறது. கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். வைக்கலாமா, அல்லது பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகர், கரூர்

பதில்: கிரீஸ் மட்டும் வைக்காதீர்கள். இப்போதைக்குச் சக்கரத்தையும் பலமாகத் திருக வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடையும் கழற்றி வைத்துவிட்டு, டார்ச் அடித்து மேசைக்கு அடியில் பாருங்கள்.

அங்கே நடப்பது எளிமையானதுதான். சக்கரத்தின் தண்டில் திருகு போன்ற ஒரு கியர் இருக்கும். வார்ம் கியர் என்பார்கள். அது அரைவட்டமாக வளைந்த பல்வரிசை ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பல்வரிசை, பிளேடின் ஷாஃப்டைத் தாங்கும் வார்ப்புக் கையோடு சேர்ந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற அந்தக் கை மேலே எழும், பிளேடும் எழும். பல பழைய மெஷின்களில் மோட்டாரின் எடையும் இதன்மேல்தான். ஆகவே ஏற்றும்போது கொஞ்சம் கனமாக இருப்பது குறையல்ல. இறக்கும்போதும் கனமாக இருந்தால்தான் ஏதோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் பிடிப்பது மரத்தூள்தான். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் கிரீஸ் தடவியிருப்பார். அதில் தூள் ஒட்டி, தேக்கின் எண்ணெயும் மற்ற மரங்களின் பிசினும் ஏறி, பல் இடுக்குகளில் கருப்பட்டி போல இறுகிப் போயிருக்கும். நான் முதலில் வாங்கிய மெஷினிலும் இதே கதை. அதன்மேலேயே புது கிரீஸ் வைத்தேன். இரண்டு நாள் வெண்ணெயாகச் சுற்றியது, ஒரே மாதத்தில் முன்பைவிட மோசமாகிவிட்டது. கடைசியில் பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினேன். நகம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுந்தது.

நீங்களும் அப்படியே சுரண்டுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். பெல்ட்டிலும் மோட்டாரிலும் மண்ணெண்ணெய் படக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். காய்ந்த பற்களில் மெழுகு பாலிஷை மெல்லியதாகத் தேய்த்தால் போதும், அல்லது பூட்டுக்குப் போடும் கிராஃபைட் பொடி. இரண்டிலும் தூள் அவ்வளவாக ஒட்டாது.

சுத்தம் செய்தபின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஒரே இடத்தில் மட்டும் முட்டினால் அங்கே பல் உடைந்திருக்கலாம், மரச்சில் சிக்கியிருக்கலாம். சில மெஷின்களில் உயரத்துக்கு எல்லை வைக்கும் நிறுத்தத் திருகு தவறான இடத்தில் இருந்தாலும் பாதியில் நின்றுவிடும். உங்கள் விஷயத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள். சக்கரம் சுற்றியும் பிளேடு அசையவில்லை என்றால் தண்டில் உள்ள பின் (குறுக்கே செருகிய ஆணி) அறுந்திருக்கும் அல்லது கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) தளர்ந்திருக்கும். இவை லேத் பட்டறையில் தீரும் வேலை. கால் சுற்று வரை வெறுமனே ஆடி, அப்புறம்தான் கடிக்கிறது என்றால் வார்ம் கியருக்கும் பல்வரிசைக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. அதை நெருக்குவதற்கென்றே பல மாடல்களில் மையம் விலகிய ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) இருக்கும். கொஞ்சமாகத் திருப்பி இறுக்குங்கள். முழுக்க நெருக்கினால் மறுபடி கனக்கும்.

அறுக்கும்போது பிளேடு இறங்குவதற்குக் காரணம் அநேகமாகச் சக்கரத்தின் நடுவில் உள்ள லாக் குமிழ். அதன் உள்ளே இருக்க வேண்டிய வாஷர் தொலைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. இன்னொரு பழக்கமும் முக்கியம். உயரத்தை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே முடியுங்கள். அதிகமாக ஏறிவிட்டால் சற்றுக் கூடுதலாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் எடை முழுவதும் பல்லின்மேல் உட்காரும், அதிர்வில் நழுவாது.

இத்தனைக்கும் முன்னால் அந்த வார்ப்புக் கையிலும் அதைத் தாங்கும் வளைந்த வார்ப்புகளிலும் விரிசல் உண்டா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியமோ துத்தநாகக் கலவையோ. அவற்றில் விரிசலுக்கு வாய்ப்பு அதிகம். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். சுற்றுகிற பிளேடைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். மாற்று வார்ப்பு கிடைக்காவிட்டால் மெஷினை விட்டுவிடுவதுதான் சரி, 18,000 ரூபாய் போனாலும் பரவாயில்லை. பிளேடின் மேல்மூடியும், அறுத்த பலகை பிளேடை நெருக்காமல் இருக்கப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகடும் பழைய மெஷின்களில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அவை இல்லாமல் ஒரு பலகைகூட அறுக்காதீர்கள்.

பணம் பற்றி: விற்றவர் இயந்திர வியாபாரி அல்ல, தன் சொந்த மெஷினை விற்றவர். அதனால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு நிற்பது கடினம். விரிசல் இருந்தால் படத்தைக் காட்டி நேரில் பேசிப் பாருங்கள். பழைய மெஷின்களை விற்பதையே தொழிலாகக் கொண்ட கடையில் பில்லோடு வாங்கி, குறையை மறைத்திருந்தால் கதை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்து வழி கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பலகைக்கு மேலே பிளேடு எவ்வளவு தெரிய வேண்டும்?
- வாசகி, தென்காசி

பதில்: இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள பள்ளம் பலகையின் மேல்பரப்பைத் தாண்டித் தெரிந்தால் போதும். 18 மில்லிமீட்டர் பலகைக்கு ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் உயரம் வரும். தூள் வெளியேறவும் பிளேடு சூடாகாமல் இருக்கவும் அந்தப் பள்ளம் வெளியே வர வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் கை தவறும்போது படும் காயம்தான் பெரிதாகும்.