பார்த்துக்க ஆள் வெச்சாச்சு, அவருக்கு யார் சொல்லிக் குடுக்கறது?

மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துக்கறவங்க, அவங்களுக்குத் துணைக்கு வர்ற ஆட்கள் எல்லாரும் கேள்வி எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நாலு கடிதத்துக்கு இந்தத் தடவை பதில் சொல்றேன். என் தம்பிக்கு செரிப்ரல் பால்ஸி, அதாவது மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுக்குள்ள வராத நிலை, கேர்டேக்கர்களுக்கு பயிற்சி குடுக்கற வேலைக்கு நான் வந்ததே அவனாலதான்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 19 வயசு, செரிப்ரல் பால்ஸி. நடக்க முடியாது, பேச்சு தெளிவா வராது, ஆனா நாம பேசறதெல்லாம் புரியும். இவ்ளோ வருஷம் நானே தூக்கி இறக்கினேன், இப்ப இடுப்பு தாங்கல. ஏஜென்சி மூலமா ஒரு தம்பியை வெச்சோம், ட்ரெய்னிங் முடிச்சவர்னு சொன்னாங்க, நல்ல குணம்தான். ஆனா ஒரே மாசத்துல பிள்ளைக்கு முதுகுக்குக் கீழ சிவந்து போச்சு, அவர் ஊட்டினா வாயே திறக்க மாட்டேங்கறான். எங்க இருந்து சொல்லிக் குடுக்க ஆரம்பிக்கறது?
– ஒரு அம்மா, தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, முதல்ல அந்த சிவப்பைப் பாருங்க, இன்னைக்கே, அது படுக்கைப் புண்ணோட ஆரம்பமா இருக்கலாம். விரலால அழுத்தி எடுங்க, அழுத்தின இடம் வெளுத்துட்டு மறுபடி சிவந்தா இன்னும் எச்சரிக்கை கட்டத்துலதான் இருக்கு, அழுத்தியும் வெளுக்காம சிவப்பாவே இருந்தா உள்ள சதை அடிபட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட காட்டணும். கறுத்த தோல்ல சிவப்பு சரியாத் தெரியாது, அதனால அந்த இடம் சூடா இருக்கா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கான்னு தொட்டும் பாருங்க. எண்ணெய் போட்டுத் தேய்க்காதீங்க, அந்த இடத்துல தேய்ச்சா இன்னும் கெடும். நடுவுல ஓட்டை வெச்ச ரப்பர் வளையம் கடையில குடுப்பாங்க, அதுவும் வேணாம், சுத்தி இருக்கற சதையை அது அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைச்சிரும். படுக்கையில 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க, வீல்சேர்ல இருந்தா 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கவாட்டுல சாய்ச்சு பாரத்தை மாத்துங்க.

ஆனா ஒரு மாசத்துக்குள்ள வந்துருக்குன்னா எனக்கு வேற ஒரு சந்தேகமும் இருக்கு, அந்தத் தம்பி பிள்ளையைத் தூக்காம இழுக்கறாரோன்னு. பெட்ல கீழ வழுக்கி வந்த ஆளை கக்கத்துல கை குடுத்து மேல இழுப்பாங்க பாருங்க, அப்ப தோல் ஒரு பக்கம் சதை ஒரு பக்கம் போகும், புண்ணுக்கு அதுவே போதும், தோள்பட்டை மூட்டும் விலகலாம். 19 வயசுப் பையனை ஒருத்தர் தனியா தூக்கறதே தப்பு. பெட்ஷீட்டை ரெண்டா மடிச்சு அவனுக்கு அடியில விரிச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் ஓரத்தைச் சுருட்டிப் பிடிச்சு நகர்த்தணும். வீல்சேருக்கு மாத்தும்போது பிரேக் போட்டாச்சா, கால் வைக்கற பலகையை ஒதுக்கியாச்சான்னு முதல்ல பார்க்கணும். அதைவிட முக்கியம், தொடறதுக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லணும். தசை இறுக்கம் இருக்கற பிள்ளைங்களை திடீர்னு தொட்டா உடம்பு விறைச்சு வில்லு மாதிரி வளைஞ்சிரும், அப்புறம் எவ்ளோ பலசாலியாலயும் தூக்க முடியாது. "இப்ப சேருக்குப் போறோம், ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லி, இடுப்பும் முட்டியும் மடங்கற மாதிரி பிடிச்சு மெதுவா எடுத்தா அதே பிள்ளை பாதி பாரமாத் தெரிவான்.

ஊட்டறதுக்கு வர்றேன். அவர் நின்னுட்டே ஊட்டறாரான்னு பாருங்க. மேல இருந்து ஸ்பூன் வந்தா பிள்ளை தலையை அண்ணாந்துதான் வாங்கணும், அண்ணாந்தா சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும், ஒரு தடவை புரை ஏறின பயத்துலயே வாயை மூடிக்குவாங்க. நேரா உட்கார வெச்சு, தாடை லேசா கீழ பார்த்த மாதிரி, ஊட்டறவர் கண்ணுக்கு நேரா உட்கார்ந்து, சின்ன ஸ்பூன்ல குடுத்து, முழுங்கினதைப் பார்த்துட்டுதான் அடுத்தது. தண்ணி மாதிரி இருக்கறதுதான் முழுங்கக் கஷ்டம், ரசத்துல சோறு மிதக்கற மாதிரி குடுக்காம குழைச்சு கெட்டியா குடுங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமறது, குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கொழகொழன்னு ஆகறது, அடிக்கடி சளி காய்ச்சல்னு இருந்தா ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட காட்டணும், பேச்சுக்கு மட்டுமில்ல, முழுங்கறதுக்கும் அவங்கதான்.

இவ்ளோ சொல்லிட்டேன், ஆனா உங்க கடிதத்துல ஒண்ணு மட்டும் இல்லம்மா, பிள்ளைகிட்ட கேட்டீங்களான்னு. புரியும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. என் தம்பிக்கு முதல் தடவை ஆள் வந்தப்ப நாலு நாள் அவன் சரியா சாப்பிடல, எங்க அம்மா அழுதுட்டாங்க, கடைசில பார்த்தா 'போதும்'னா அவன் கண்ணை மூடுவான், வீட்ல எல்லாருக்கும் அது தெரியும், வந்தவருக்கு யாரும் சொல்லல. தூங்கறான்னு நெனைச்சு அவர் தட்டி எழுப்பி எழுப்பி ஊட்டியிருக்கார். 'ஆமா'வுக்கு என்ன, 'வேணாம்'க்கு என்ன, வலிச்சா முகம் எப்படிப் போகும், இதை முதல் நாளே சொல்லுங்க. அவர் முதல் மூணு நாள் நீங்க செய்யறதைப் பார்க்கட்டும், அடுத்த மூணு நாள் அவர் செய்ய நீங்க பாருங்க. வயசுப் பையன், உடுப்பு மாத்தும்போது கதவைச் சாத்தச் சொல்லுங்க.

உங்க மாவட்டத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்காக 1981ல தொடங்கினது. அதை ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணன் அய்யாவே கழுத்துல அடிபட்டு கை கால் செயலிழந்தவர், 2020ல பத்மஸ்ரீ வாங்கினார். வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுல அவங்களுக்கு நல்ல அனுபவம். அந்தத் தம்பியையும் கூட்டிட்டு ஒருநாள் போய்ட்டு வாங்க.

கேள்வி: என் அக்கா பொண்ணுக்கு அறிவுத்திறன் குறைபாடு, ஃபிட்ஸும் வரும். வந்தா பாட்டி அவ கையில சாவிக்கொத்தைத் திணிக்கறாங்க, பார்த்துக்கற அம்மா வாயில ஸ்பூன் வைக்கறாங்க. எது சரி?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி. ஸ்பூன் வெச்சா பல் உடையும், மூச்சு அடைக்கும். இரும்பால ஃபிட்ஸ் நிக்காது, அது தானா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நிக்கறப்ப சாவி கையில இருக்கும், அதனாலதான் அந்த நம்பிக்கை இன்னும் இருக்கு. பொண்ணை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கு அடியில துணி, கழுத்துகிட்ட இறுக்கமா எதுவும் வேணாம், கை காலை அமுக்கிப் பிடிக்க வேணாம், கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா, இல்ல நினைவு வராமலே அடுத்தது வந்தா 108. முழு நினைவு வர்ற வரைக்கும் தண்ணி கூட குடுக்கக் கூடாது. பாட்டி கையில சாவிக்குப் பதிலா கடிகாரத்தைக் குடுத்துருங்க, நேரம் பார்க்கற பொறுப்பு அவங்களுதுன்னு சொல்லுங்க, அவங்க பதட்டத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கேள்வி: பி.காம் முடிச்சிருக்கேன். ஒரு வருஷமா பக்கத்து வீட்டு ஆட்டிசம் தம்பியைப் பார்த்துக்கறேன், இதையே தொழிலா எடுக்கலாம்னு ஆசை. எங்க படிக்கறது?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: ரொம்ப சந்தோஷமா இருக்கும்மா. இந்தத் துறை படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்கறது ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டப்படி வந்தது. கேர் கிவிங் சர்டிபிகேட் கோர்ஸ் அவங்க பட்டியல்ல இருக்கு. உங்களுக்குப் பக்கத்துலயே ஈசிஆர்ல முட்டுக்காட்டுல நிப்மெட்னு சொல்ற, பன்முகக் குறைபாடு (ஒண்ணுக்கு மேல குறைபாடு) உள்ளவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005ல இருந்து இருக்கு, நேர்ல போய் விசாரிங்க. ஆட்டிசம், செரிப்ரல் பால்ஸி, அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு இந்த நாலுக்குமான மத்திய அரசு அமைப்பு நேஷனல் ட்ரஸ்டோட 'சஹயோகி' திட்டமும் கேர்டேக்கர் பயிற்சிக்காகவே வந்ததுதான்.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. செய்முறைப் பயிற்சி எத்தனை நாள், அது பொம்மையை வெச்சா மனுஷங்களோடயா? பாடம் எடுக்கறவங்கள்ல மாற்றுத்திறனாளி ஒருத்தராவது இருக்காங்களா? ஹோம் நர்சிங் கோர்ஸை இதுன்னு நெனைச்சு சேர்ந்துராதீங்க. அது நோயாளியைப் பார்த்துக்கறது. ஆட்டிசம் நோய் இல்ல, அந்தத் தம்பிக்கு நீங்க சட்டை போட்டுவிடறது வேலை இல்ல, கடைசி பட்டனை மட்டும் அவனை விட்டுப் போட வெச்சு, அடுத்த வாரம் கடைசி ரெண்டு, அப்புறம் மூணுன்னு பின்னாடியிருந்து பழக்கறதுதான் வேலை.

அந்தத் தம்பியோட பெற்றோருக்கும் ஒரு விஷயம் சொல்லுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கேர்கிவர்னா சம்பளம் வாங்கினாலும் வாங்காட்டியும் பார்த்துக்கற எல்லாரும்தான், அம்மா அப்பாவும் அதுல சேர்த்தி. குடும்பத்துக்கு பயிற்சி குடுக்கறது அரசோட கடமைன்னும் அதே சட்டத்துல இருக்கு, 47-வது பிரிவு. உலக சுகாதார நிறுவனமே வளர்ச்சிக் குறைபாடு இருக்கற, 2ல இருந்து 9 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட குடும்பத்துக்குன்னு ஒரு பயிற்சி வெச்சிருக்கு, 9 வகுப்பு, 3 தடவை வீட்டுக்கே வர்றது. பயிற்சி கேக்கறதுக்கு அவங்க தயங்கவே வேணாம்.

கேள்வி: எனக்கு 34 வயசு, விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேர்ல இருக்கேன், கல்லூரியில பாடம் எடுக்கறேன். ஒரு பயிற்சி முகாம்ல என்னைப் படுக்க வெச்சு "இந்த கேஸை இப்படித் திருப்பணும்"னு டெமோ காட்டினாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இப்ப புதுசா ஒரு அக்கா உதவிக்கு வர்றாங்க. நானே சொல்லிக் குடுத்தா திமிர்னு நெனைப்பாங்களோ?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்க கடிதத்தை நாலஞ்சு தடவை படிச்சேன். நானும் ஆரம்பத்துல வகுப்பு எடுத்தப்ப கூட இருந்தவங்களைப் பார்த்துதான் பேசியிருக்கேன், படுத்திருந்தவங்களைப் பார்த்து இல்ல. அதுக்கு இப்பவும் வருத்தப்படறேன்.

தாராளமா நீங்களே சொல்லிக் குடுங்க. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்த பிறகு வீல்சேர்ல உட்கார்ந்தே ஆபரேஷன் பண்ணாங்க, மறுவாழ்வுத் துறையையே கட்டி எழுப்பினாங்க. தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சவங்க சொல்லிக் குடுக்கறதுதான் சரி.

ஒரு நோட்டு போடுங்க. குளிக்கற தண்ணியை அந்த அக்கா தன் முழங்கையில பார்க்கணும், உங்களுக்கு உணர்ச்சி இல்லாத இடத்துல கொதி தண்ணி பட்டாலும் தெரியாது. உங்க முதுகுத்தண்டுல அடிபட்ட இடம் நடு மார்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோன்னா இதைப் பெரிய எழுத்துல எழுதுங்க: திடீர்னு மண்டை பிளக்கற தலைவலி, முகம் சிவந்து வேர்த்தா உடனே நேரா உட்கார வைக்கணும், இறுக்கமான துணியைத் தளர்த்தணும், யூரின் ட்யூப் மடங்கியிருக்கான்னு பார்க்கணும், அப்பவும் அடங்கலன்னா ஆஸ்பத்திரி. பிளட் பிரஷர் உயிருக்கு ஆபத்தா ஏறும், நிறைய நர்சிங் ஆட்களுக்கே இது தெரியறதில்ல.

அப்புறம் உங்களுக்கு மட்டுமே தெரிஞ்சதை எழுதுங்க, காலையில எதுக்கு முன்னாடி காபி வேணும், எந்தப் பக்கம் சாய்ஞ்சா வலிக்கும், கடைக்காரர் உங்களை விட்டுட்டு அந்த அக்காகிட்ட "இவங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டா அவங்க என்ன செய்யணும். எழுதி முடிச்சதும் உங்களுக்கு சம்மதம்னா முதல் ரெண்டு பக்கத்தை எனக்கு அனுப்புங்க, உங்க பேர் போடாம அடுத்த இதழ்ல இந்த இடத்துல போடறோம். முகாம் நடத்தினவங்களுக்கும் ஒரு காப்பி நான் அனுப்பறேன்.